மரமாக வெட்டினால் கவிதையாகுமா?

திருவருகைக் காலம் தொடங்கியதும் நம் பங்குகளில் கிறிஸ்து பிறப்பு விழா மலருக்கான ஏற்பாடுகள் விரைவடைகின்றன. ஆயரின் வாழ்த்து, பங்குத்தந்தையின் ஆசி, கட்டுரைகள், விளம்பரங்கள் ஆகியவற்றோடு அண்மைக்காலமாகத் தவறாது இடம்பெறும் ஒன்று உண்டு. மேலே ஒரு சொல், அதன் கீழே இரண்டு, அதற்குங் கீழே மூன்று என்று விரிந்து, அடியில் ஒரு சிறு தண்டோடு முடியும் ‘மர வடிவக் கவிதை’யே அது. தவக்காலம் வந்தால் மரம் சிலுவையாகிறது. உயிர்ப்புப் பெருவிழா வந்தால் சிலுவை மெழுகுதிரியாகிறது. மாதா திருநாளுக்குச் செபமாலை வடிவமும், புனிதர் திருநாளுக்கு மகுட வடிவமும் ஆயத்தமாக இருக்கின்றன. கணினியில் வரிகளை நடுவே நிறுத்தும் விசை ஒன்று போதும், கவிஞர் பிறந்துவிடுகிறார்.

இந்த வழக்கம் நிறுத்தப்படவேண்டும் என்பதே என் கட்சி. வடிவக் கவிதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வடிவக் கவிதை என்னும் பெயருக்கு உரியதைத் தமிழும் திருச்சபையும் பல நூற்றாண்டுகளாகப் பேணி வந்திருக்க, அதன் நிழலைக்கூடத் தொடாத ஒன்றை அப்பெயரால் திருநாள் பந்தியில் பரிமாறலாகாது என்கிறேன்.

எங்கள் திருவெண்ணெய்நல்லூர், ஓர் ஓலையின் உண்மையைச் சோதித்த ஊர் என்று பெயர் பெற்றது. சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர் அடிமை ஓலையைக் காட்டியதும், சுந்தரர் அதனைப் பற்றிக் கிழித்ததும், பின்னர் இவ்வூர் அவையில் மூல ஓலை வெளிப்பட்டதும் பெரியபுராணம் கூறும் செய்திகள். அவையோர் அப்போது செய்தது யாது? ஓலையின் பழமையையோ அதைக் கொணர்ந்தவரின் தோற்றத்தையோ கண்டு அவர்கள் மயங்கவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர். சைவ அன்பர்களுக்கு அந்நிகழ்ச்சி தடுத்தாட்கொண்ட அருளின் சான்று. நம்மைப் போன்ற அயலாருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு: எழுத்தின் உண்மையை எழுத்திலேதான் சோதிக்கவேண்டும்.

அச்சோதனையை நம் மலர்க் கவிதைகளுக்கு வைத்துப் பாருங்கள். மர வடிவில் நிற்கும் வரிகளை எடுத்து ஒரே நேர்வரியாக எழுதுங்கள். விண்மீன் தோன்றியது, ஆயர் மகிழ்ந்தனர், அமைதி பிறந்தது என்று மூன்று நான்கு தொடர்கள் தேறும். மரம் மறைந்ததால் அவற்றின் பொருளில் ஏதேனும் குறைந்ததா? ஓசையில் ஏதேனும் பிறழ்ந்ததா? ஒன்றுமில்லை. அகற்றினாலும் எந்த இழப்பும் நேராத உறுப்பு, உறுப்பன்று, ஒட்டிவைத்த பொருள். அதே வரிகளை நாளைக்கு மணியாகவும் குடிலாகவும் வெட்டலாம். எந்த அச்சிலும் வார்க்கப்படக் கூடியது எந்த அச்சுக்கும் உரியதன்று.

தமிழ் மரபோ முற்றிலும் வேறு. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று கவியை நால்வகைப்படுத்திய நம் முன்னோர், சித்திரகவிக்குத் தனி இடம் தந்தனர். தண்டியலங்காரம் சொல்லணியின் பகுதியில் அதன் வகைகளை இலக்கணப்படுத்துகிறது. பரிதிமாற்கலைஞர் சித்திரகவியை விளக்கத் தனி நூலே எழுதினார். அவ்வகைகளிற் பலவற்றுக்குப் ‘பந்தம்’ என்று பெயர். பந்தம் என்றால் கட்டு. பெயரிலேயே அதன் இலக்கணம் அடங்கியிருக்கிறது.

நாகபந்தத்தை எடுத்துக்கொள்வோம். பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடல்நெடுக எழுத்துகள் அமைகின்றன. உடல்கள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் நிற்கும் எழுத்து ஒன்றே. ஆயினும் அது இரு பாதைகளுக்கும் பொருந்தவேண்டும். ஓரிடத்தில் எழுத்தை மாற்றினால் மற்றோரிடம் முறியும். சக்கரபந்தத்தில் ஆரங்கள் யாவும் குடத்தில் நிற்கும் எழுத்தைப் பொதுவாகப் பெறுகின்றன. கோமூத்திரியிலோ இரண்டு அடிகளை மேலும் கீழுமாக ஓரெழுத்து விட்டு ஓரெழுத்துப் படித்தாலும் அதே அடி கிடைக்கும். இங்கெல்லாம் சித்திரத்தை நீக்குங்கள்; சொற்கள் ஏன் அப்படி அமைந்தன என்பதற்கு விடை கிடைக்காது. எழுத்தை மாற்றுங்கள், சித்திரம் சிதைந்துவிடும். ஒன்றையொன்று தாங்கி நிற்பதே பந்தம்.

இன்னொரு நுட்பமும் கருதத்தக்கது. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் உடையன அல்ல. ‘ர’ ஒடுங்கி நிற்கும். ‘ணை’ பரந்து நிற்கும். ஆகவே எழுத்துகளை எண்ணி மரம் செய்பவரின் மரம் தாளில் கோணலாகிறது. தாளின் அகலத்தை அளந்து செய்பவரின் மரமோ எழுத்துருவை மாற்றியதும் சாய்கிறது. கைப்பேசியில் அனுப்பினால் வரிகள் மடிந்து விறகுக் குவியலாகிறது. பந்தம் பாடிய புலவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்கள் முதலில் உருவத்தை வரைந்து, அதனைக் கட்டங்களாகப் பகுத்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று அமைத்தனர். ஓலையில் எழுதினாலும் சுவரில் எழுதினாலும் கட்டம் கட்டமே. அவர்களுடைய வடிவம் எண்ணிக்கையில் நின்றது; நம்முடையது தாளின் விளிம்பில் நிற்கிறது.

‘இவையெல்லாம் கண்ணுக்குரிய வித்தைகள் தாமே?’ என்று கேட்கலாம். அன்று. தமிழின் புகழ்பெற்ற தேர்க்கவியைக் காதாலும் காணலாம். திருவெழுகூற்றிருக்கை என்னும் அமைப்பில் ஒன்று, இரண்டு, ஒன்று எனவும், பின் ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று எனவும், ஏழு வரை எண்கள் ஏறியும் இறங்கியும் வருகின்றன. எழுதிப் பார்த்தால் தேரின் தட்டுகள். பாடக் கேட்டால் ஏணியில் ஏறி இறங்கும் உணர்வு. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் சீர்காழியைப் போற்றி இவ்வமைப்பில் பாடினார். குடந்தைப் பெருமாளைத் திருமங்கையாழ்வார் பாடினார். சாரங்கபாணி கோயிலின் கருவறையே தேர் வடிவில் அமைந்திருப்பதைக் கும்பகோணம் சென்றவர் அறிவர். சுவாமிமலை முருகனை அருணகிரிநாதர் பாடினார். 1929இல் மறைந்த பாம்பன் சுவாமிகள் வேலின் வடிவில் அமைத்த பந்தத்தை முருகனடியார் இன்றும் பாராயணம் செய்கின்றனர். பாராயணம் என்பதைக் கவனியுங்கள். படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவதில்லை, வாயால் ஓதுகின்றனர்.

நம் திருச்சபையின் கருவூலமும் இதையே கூறுகிறது. புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்கள் எபிரேய நெடுங்கணக்கின் வரிசையில் அமைந்தவை. திருப்பாடல் 119இல் 22 எழுத்துகளுக்கு 22 பகுதிகள். பகுதிக்கு எட்டு அடிகள். ஒவ்வோர் அடியும் அந்தந்த எழுத்திலேயே தொடங்கும். எருசலேமின் வீழ்ச்சிக்கு அழுதவர், அழுகையைக்கூட முதலெழுத்திலிருந்து இறுதியெழுத்து வரை ஒழுங்குபடுத்தியே அழுதார். எல்லையற்ற துயருக்கு எழுத்து ஒரு கரை கட்டியது. புனித வாரத்தின் பழைய இலத்தீன் வழிபாட்டில் புலம்பலைப் பாடுகையில் ‘ஆலெப்’, ‘பேத்’ என்னும் அவ்வெழுத்துப் பெயர்களையும் இசையோடு பாடினார்கள். வடிவம் செவிக்கு மறைக்கப்படவில்லை, செவிக்கே அளிக்கப்பட்டது.

9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபுல்டா மடத்துத் துறவி ரபானுஸ் மௌருஸ், திருச்சிலுவையின் புகழாக 28 சித்திரகவிகளை இயற்றினார். பின்னாளில் அவர் மைன்ஸ் நகரின் பேராயரானார். கட்டங்களில் இலத்தீன் எழுத்துகள் வரிசையாக நிற்கும். அவற்றின்மேல் சிலுவை முதலிய உருவங்கள் வரையப்பட்டிருக்கும். உருவத்துக்குள் அகப்பட்ட எழுத்துகளைத் தனியே கூட்டினால் வேறொரு செய்யுள் வெளிப்படும். நம் தண்டியலங்காரத்தை அறியாத ஒருவர், நம் புலவர்களைப் போலவே கட்டத்தையும் எழுத்தையும் நம்பியிருப்பது வியப்பன்றோ!

உயிர்ப்புப் பெருவிழாவுக்கே ஒரு வடிவக் கவிதை உண்டு. ஆங்கிலேயத் திருச்சபையின் குரு ஜார்ஜ் ஹெர்பர்ட் ‘உயிர்ப்புச் சிறகுகள்’ என்று பொருள்படும் பெயரில் எழுதிய அது, அவர் மறைந்த 1633ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிறகு தெரியும்படி பக்கத்தைக் குறுக்காக வைத்து அச்சிட்டனர். ஆயினும் அதன் உயிர் அச்சில் இல்லை. பத்து அசையில் தொடங்கும் அடி இரண்டிரண்டாகக் குறைந்து, மனிதன் மிக நலிந்த நிலையைச் சொல்லுமிடத்தில் இரண்டே அசையாகிறது. இறைவனோடு சேர்ந்து எழ விழையும் இடத்தில் மீண்டும் பத்துக்கு வளர்கிறது. கண் தெரியாதவருக்குப் படித்துக்காட்டினாலும் அடி மெலிவதும் வளர்வதும் அவருக்குக் கேட்கும். இதுவே நான் வேண்டும் அளவுகோல்.

ஏனெனில், அன்பர்களே, நம்முடையது கேள்வியால் வளரும் நம்பிக்கை. திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பத்தாம் அதிகாரத்தில் இதனைத் தெளிவாக உரைக்கிறார். நம் தென்பெண்ணைக் கரைச் சிற்றூர்களில் நம்பிக்கையைக் கட்டிக்காத்தவர்கள் யார்? எழுத்தறியாத பாட்டிமார்கள். வியாகுலப் பிரசங்கத்தையும் அம்மானையையும் ஒப்பாரியையும் காதால் பெற்று வாயால் கொடுத்தவர்கள். அவர்கள் முன்னிலையில் ஒரு மர வடிவக் கவிதையைப் படியுங்கள். மரம் அவர்களுக்குத் தெரியாது; எஞ்சிய சொற்களில் கேட்பதற்கு எதுவும் இராது. திருநாள் கவிதை ஒன்று அந்தக் கிழவியைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பிவிடுமானால், அது யாருடைய திருநாள்?

என்னை மறுப்போர் மூன்று வகையினர். முதல் வகையினர், ‘சித்திரகவியே வெறும் சொல் விளையாட்டு, அது பக்திக்குப் பகை’ என்பர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அதனை ‘மிறைக்கவி’ என்றும் வழங்கினர். மிறை என்றால் வருத்தம். புலமையைப் பறைசாற்றவே கட்டப்பட்டு, அகராதியின்றிப் பொருள் காண முடியாமற்போன பந்தங்கள் மிகப் பல. அவற்றை நானும் போற்றவில்லை. ஆனால் வெண்பாவிலும் வெற்று வெண்பா உண்டு. புதுக்கவிதையிலும் வெற்றுப் புதுக்கவிதை உண்டு. கருவியைத் தவறாகக் கையாண்டவனைக் காட்டிக் கருவியைப் பழித்தல் நேர்மையாகாது. மேலும், வருத்தமுற்று வெறுமையாக எழுதியவனைக் கடிந்துவிட்டு, வருத்தமே இல்லாமல் வெறுமையாக எழுதுபவனுக்கு மலரில் ஒரு பக்கம் ஒதுக்குவது என்ன நியாயம்?

இரண்டாம் வகையினர், ‘தேர்க்கவியும் வேற்கவியும் பிற சமயத்தாருடையவை, நமக்கெதற்கு?’ என்பர். இவர்களுக்கு வீரமாமுனிவரே விடை. இத்தாலியில் பிறந்த அவர் 1726இல் தேம்பாவணியை நிறைவேற்றினார்; திருக்காவலூர்க் கலம்பகமும், கித்தேரியம்மாள் அம்மானையும், அன்னை அழுங்கல் அந்தாதியும் பாடினார். காப்பியமும் கலம்பகமும் அந்தாதியும் எந்தச் சமயத்தின் சொத்து? மொழியின் சொத்து. கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய அம்முனிவர், அன்னைக்குத் தமிழ்ப் பெயரும் தமிழ்க் கோலமும் தரத் தயங்கவில்லை. நம் ஊர்களில் தேர்ப்பவனி இல்லாமல் திருவிழா நிறைவதில்லை. மரத்தேரை வீதியில் இழுக்கத் தயங்காத நாம், சொல்தேரைக் கட்டத் தயங்குவது ஏன்? ‘தேரு வருதே’ என்று முன்னும் பின்னும் ஒன்றாய்ப் படித்து நம் சிறுவர்களே விளையாடுகிறார்கள். அவர்கள் வாயில் இன்னமும் உயிரோடிருக்கும் மரபை விட்டுவிட்டு, நம் மண்ணில் விளையாத ஊசியிலை மரத்தின் வெட்டுருவை அவர்கள் கையில் கொடுக்கிறோம்.

மூன்றாம் வகையினரே என் மதிப்புக்குரியவர்கள். மறைக்கல்வி ஆசிரியர்களாகிய அவர்கள், ‘சிறுவர்கள் எழுதட்டுமே, ஊக்குவிக்க வேண்டாமா?’ என்று கேட்கிறார்கள். ஊக்குவிக்கத்தான் வேண்டும். ஆனால் சிறுவரால் இயலாது என்று நாமே தீர்மானித்துக்கொண்டு, ஓவியக் கோட்டுக்குள் சொல்லை நிரப்பச் சொல்வது ஊக்கமன்று, அவமதிப்பு. கோடு போட்டுக் கொடுத்தால் கோட்டை நிரப்பத்தான் கற்பார்கள். கவிதை என்பது வெட்டி ஒட்டும் காகித வேலை என்னும் எண்ணம் ஒருமுறை பதிந்துவிட்டால், அதே கண்ணோடுதான் திருப்பாடல்களையும் பார்ப்பார்கள்.

அவர்களுக்கு வேறொரு பயிற்சியைத் தரலாம். பாஸ்கா நிகழ்ச்சிகளில் இயேசுவோடு இருந்தவர்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். குருத்தோலை ஞாயிறன்று பெருங்கூட்டம், இரா உணவில் பன்னிருவர், கெத்சமனித் தோட்டத்தின் உள்ளே மூவர், இறுதியில் ஒருவருமில்லை. உயிர்த்த பின்னரோ தோட்டத்தில் மகதலா மரியா ஒருத்தி; எம்மாவு வழியில் இருவர்; பின்னர் ஒரே வேளையில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் கூறுகிறது. இறங்கி ஏறும் எழுகூற்றிருக்கை ஒன்று நற்செய்தியிலேயே அமைந்து கிடக்கிறது! இதனை ஐந்து சீரில் தொடங்கி ஒரு சீருக்கு இறங்கி, மீண்டும் ஐந்துக்கு ஏறும் அடிகளாகச் செய்யச் சொல்லுங்கள். பாடத்துக்கு எடுத்துக்காட்டாக:

ஊர்கூடி ஓசன்னா பாடிற்று ஓலைக் குருத்தேந்தி
பந்தியில் உடனமர்ந்தோர் பன்னிருவர் மட்டும்
தோட்டத்துள் வந்தோர் மூவர்
அவரும் உறங்கினர்
தனியன்
கல்லறை
கல் புரண்டது
அழுதவளைப் பெயர்சொல்லி அழைத்தார்
எம்மாவு வழியில் இருவரோடு நடந்தார்
ஐந்நூறு பேருக்கும் மேலாய் ஒருங்கே தோன்றினார்

இதில் புலமை ஏதுமில்லை. எட்டாம் வகுப்பு மாணவர் செய்யக்கூடியதே. ஆனால் இதன் வடிவத்தை நீக்க முடியாது. நடுவே நிறுத்தி அச்சிட்டாலும், இடப்புறம் ஒதுக்கி அச்சிட்டாலும், அச்சிடாமல் வாயால் சொன்னாலும், ஆள் குறையக் குறைய அடி குறைவது கேட்கும். ‘தனியன்’ என்னும் சீருக்கு முன்னும் பின்னும் சொல்பவர் தாமாகவே நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் பெரிய வெள்ளி இருக்கிறது. இதைச் செய்யும் மாணவர் நற்செய்தியைத் திறந்து, எத்தனை பேர், யார் யார், எந்த இடத்தில் என்று தேடியாக வேண்டும். மரத்தை நிரப்புபவர் திருவிவிலியத்தைத் திறக்கவே தேவையில்லை.

இவ்வழக்கை நான் இத்தனை வலியுறுத்துவதற்கு இலக்கியம் மட்டுமே காரணமன்று. நாம் கொண்டாடும் திருநாள் எது? வாக்கு மனிதர் ஆனதைக் கொண்டாடும் நாள். மனிதராவது என்பது தோற்றம் ஒன்றை மேலே போர்த்திக்கொள்வதன்று, கட்டுக்கு உட்படுவது. ஓர் ஊர், ஒரு காலம், ஒரு தாயின் மடி, ஒரு மொழி ஆகிய எல்லைகளை ஏற்பது. பெத்லகேமில் குழந்தையைத் துணிகளில் பொதிந்து வைத்ததாக லூக்கா எழுதுகிறார். கட்டுண்ட குழந்தையே வானவர் தந்த அடையாளம். கிறிஸ்துவின் உடல் வெறும் தோற்றமே என்று போதித்தவர்கள் தொடக்கத் திருச்சபையிலேயே இருந்தார்கள். அவர்களை 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கு நகர்ப் புனித இஞ்ஞாசியார் தம் திருமுகங்களில் வன்மையாகக் கண்டித்தார். அவர் உண்மையாகவே பிறந்தார், உண்மையாகவே துன்புற்றார் என்பதே அப்புனிதரின் வாதம். கட்டுப்படாமல் உருவத்தை மட்டும் பூண்டு நிற்கும் கவிதை, அந்தப் பழைய தப்பறையின் சிறு பிரதி. உடல் போலத் தோன்றுகிறது, உடல் இல்லை. தோற்றவாதத்தை விலக்கிய திருச்சபை, தன் பிறப்புவிழா மலரில் அதற்கு ஒரு பக்கம் தரலாமா?

ஆகவே மலர்க் குழுவினருக்கு மூன்று வேண்டுகோள்கள். வடிவக் கவிதை என்று வருவதை முதலில் நேர்வரியாக எழுதிப் பாருங்கள். எதுவும் இழக்கப்படவில்லையெனில் திருப்பி அனுப்புங்கள். அடுத்து, அதனை எழுத்தறியாத ஒருவருக்குப் படித்துக்காட்டுங்கள். வடிவத்தின் ஒரு கூறாவது அவர் காதுக்கு எட்டவில்லையெனில் திருப்பி அனுப்புங்கள். மூன்றாவதாக, நம் மறைமாவட்டத்துத் தமிழாசிரியர்களையும் மறைக்கல்வி ஆசிரியர்களையும் ஆண்டுக்கொரு நாள் கூட்டி, பந்தங்களின் அமைப்பையும், புலம்பலின் நெடுங்கணக்கு வரிசையையும் பயிற்றுவியுங்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு தேர்க்கவி மலரில் வந்தாலும் போதும். எவரும் அவ்வாறு எழுதவில்லையென்றால் அப்பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம். வெறும் பக்கம் எவரையும் ஏமாற்றுவதில்லை.